அழாத பிள்ளை

— இல்ல தனகோடி, உள்ள வராத. கொழந்தைய வெளியில விட்டுட்டு வா. இது ரெண்டாம் வகுப்பு, பால்வாடி இல்ல.

— வெளியில யாராண்ட வுடறது டீச்சர்?

— உங்கம்மா எங்க?

— அளத்துக்கு உப்பு வாரப் போயிருக்குது.

— இத்தனை நாளா அவங்கதான தம்பியத் தூக்கிட்டுப் போனாங்க? இன்னைக்கு என்ன புதுசா?

— கொழந்தைங்கள அளத்துக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு டீச்சர். போன வாரம் கலியபெருமாள் மாமா வூட்டுப் பாப்பா தவழ்ந்து போயி உப்புத்தண்ணித் தொட்டியில வுழுந்துடுச்சில்ல, அதிலேர்ந்து.

— கேள்விப்பட்டேன். அந்தப் பாப்பா இப்ப எப்படி இருக்கு?

— அது அன்னிக்கே பூடுச்சி டீச்சர்.

— மாதாவே.

— எங்கம்மா சொல்லிச்சி, ஒரு நாளு போவலன்னாலும் கூலி இல்ல, நீ பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கினு போ, லூர்துமேரி டீச்சர் நல்லவங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு.

— நல்லவங்களாமா? சரிதான். ஏன், உங்கப்பா பாத்துக்க மாட்டாரா?

— அது கடைக்குப் போயிட்டு வந்து படுத்துக்கினு இருக்குது.

— காலங்காத்தாலயா? சாராயக் கடையத் தொறந்தாலும் தொறந்தாங்க, இந்த ஊருல ஒரு ஆம்பளை நிமிர்ந்து நிக்கறதில்ல.

— டீச்சர் டீச்சர், எங்கப்பாவுந்தான் டீச்சர். பாட்டில வூட்டுக்கே வாங்கியாந்து அடுக்குப் பானையில வச்சுக்குது.

— வேலம்மா, உன்னை யாராவது கேட்டாங்களா? உன் சிலேட்டைப் பாரு.

— பாக்கறேன் டீச்சர். தனகோடி தம்பிக்கு மூக்கு ஒழுவுது டீச்சர்.

— தொடச்சு விடு தனகோடி. பாவாடையில இல்ல, அந்தத் துணியில. பேரு என்ன இவனுக்கு?

— அர்ச்சுனன்.

— எத்தனை மாசம்?

— தெரியாது டீச்சர். பொங்கலுக்குக் குப்புற வுழுந்தான். இப்பத்தான் தவழுறான்.

— சரி, கடைசியில ஜன்னலோரம் ஒக்காரு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்த ஒரே ரூம்ல ஒண்ணாவதையும் ரெண்டாவதையும் சேத்து வச்சுக்கிட்டு எனக்குத் தொண்டை வத்திப் போவுது. இவன் அழுதான்னா, நான் சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, நீயே எழுந்து வெளியில போயிடணும்.

— அழ மாட்டான் டீச்சர்.

— பாப்போம். பிள்ளைங்களா, இன்னைக்கு என்ன கிழமை? திங்கள். திங்கள்னா இன்னொரு அர்த்தம் இருக்கு, வெள்ளிக்கிழமை சொன்னேனே, யாருக்கு ஞாபகம் இருக்கு?

— நெலா டீச்சர்.

— தனகோடிக்கு மட்டுந்தானா? சரி. பாடத்துக்கு வருவோம். 'மழை பெய்தது. மக்கள் மகிழ்ந்தனர்.' நீயே சொல்லு தனகோடி, மக்கள் ஏன் மகிழ்ந்தாங்க?

— மகிழ மாட்டாங்க டீச்சர்.

— ஏன்?

— மழ பேஞ்சா பாத்தியில இருக்கற உப்பு கரைஞ்சிடும். வேல இல்ல, போங்கன்னு மேஸ்திரி அனுப்பிடுவாரு. எங்கம்மா அழுவும்.

— புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லு கண்ணு. உங்கம்மா அழறத பரீட்சையில கேக்க மாட்டாங்க.

— மகிழ்ந்தனர் டீச்சர்.

— டீச்சர் டீச்சர், அர்ச்சுனன் அழுவுறான் டீச்சர்.

— எனக்கும் காது இருக்கு வேலம்மா. தனகோடி, நான் என்ன சொன்னேன்?

— எழுந்து போயிடணும்னு.

— அப்பப் போ. பூவரச மரத்தடியில நில்லு. அடங்கினதும் வா.

— சிலேட்ட எடுத்துக்கினு போவட்டா டீச்சர்?

— எடுத்துக்கிட்டுப் போ.

*

— நேத்து பூரா மரத்தடி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமையும் மரத்தடி. நீ பள்ளிக்கூடத்துக்கு வர்றியா, மரத்துக்குக் காவல் காக்க வர்றியா? எழுந்திரு, சோத்து மணி அடிச்சாச்சு. போயி கோதுமைச் சோறு வாங்கிக்க.

— தம்பிக்கும் ஒரு கரண்டி தருவாங்களா டீச்சர்?

— நான் சொன்னேன்னு சொல்லு, தருவாங்க. அது என்ன சிலேட்டுல?

— கணக்கு டீச்சர். உள்ள சொல்லிக்கினு இருந்தீங்கல்ல, முப்பத்திரெண்டுல பதினேழு போனா எத்தினின்னு.

— வெளியில நின்னு கேட்டா போட்ட?

— இவன் மூச்சு வாங்கறப்ப நீங்க பேசறது கேட்டுது.

— பதினஞ்சு. சரியாப் போட்டிருக்கியே. உள்ள ஒக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்த பிள்ளைங்க ஒண்ணுகூடப் போடல. ரெண்டுல ஏழு போவாது, பக்கத்துல கடன் வாங்கணும்னு எப்படிப் புரிஞ்சுது உனக்கு?

— பக்கத்துல கடன் வாங்கறதுதான டீச்சர், எங்கம்மா தெனமும் அரிசி வாங்குது. ஆனா ஒண்ணு கேக்கட்டா? மூணுகிட்ட வாங்கினமே, அத எப்பத் திருப்பிக் குடுக்கறது?

— குடுக்க வேணாம்.

— மெய்யாலுமா?

— கணக்குல மட்டும். சிரிக்காத, நான் சொல்றதக் கேளு. போன வருஷமும் நீ ரெண்டாவதுதான். உப்புக் காலம் பூரா வரல, பெயிலாக்கிட்டாங்க. இந்த வருஷமும் பெயிலானா என்ன ஆவும்?

— எங்கப்பா அளத்துக்கு அனுப்பிடும். கூடைகூட வாங்கியாந்து வச்சிடுச்சி டீச்சர். சின்னக் கூட, என் தலைக்கு ஏத்தாப்புல.

— உனக்குப் போவ ஆசையா?

— அங்க நின்னா காலு வெடிச்சிடும் டீச்சர். எங்கம்மா பாதத்தப் பாத்தீங்கன்னா உங்களுக்குச் சோறு எறங்காது. ராத்திரி எண்ணெயைத் தடவிக்கினு பல்லக் கடிச்சுக்கினு இருக்கும்.

— அதுக்குத்தான் சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை மழைப் பாடத்த ஒவ்வொருத்தரா எழுந்து படிக்கணும். யாரு தடுக்காம படிக்கிறாங்களோ அவங்களத்தான் மூணாவதுக்கு அனுப்பலாம்னு பெரிய வாத்தியார்கிட்ட சொல்லப் போறேன். கணக்கு காதால கேட்டுப் போட்டுடுவ. படிக்கிறது எப்படி? உன்கிட்ட புஸ்தகமும் இல்ல.

— வேலம்மாகிட்ட இருக்குது. உள்ள ஒக்காந்தா அவ பக்கத்துல பாத்துப் படிச்சுக்குவேன்.

— அதான. இவன் மட்டும் கொஞ்சம் தூங்கினான்னா இந்தக் கிளாஸுலயே நீதான் முதல்ல வருவ.

— தூங்குனா உள்ள இருக்கலாமா டீச்சர்?

— தாராளமா இரு. பின்னாடி கோணியைப் போட்டுப் படுக்க வை. சத்தம்தான் எனக்கு ஆவாது. கொழந்தை ஆவாதுன்னா சொன்னேன்?

— உங்களுக்குப் பாப்பா இருக்குதா டீச்சர்?

— இருக்கு. திண்டிவனத்துல எங்க அண்ணிகிட்ட விட்டுட்டுத்தான் தெனமும் பஸ் ஏறி வர்றேன்.

— அழுவாதா?

— அழும். நான் திரும்பிப் பாக்காம வந்துடுவேன்.

— எங்களுக்கு அண்ணி இல்ல டீச்சர். சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்குமா இவன் தூங்கணும்?

— அதுவரைக்கும் தூங்கினான்னா உன் அதிர்ஷ்டம். போ, சோறு ஆறிடப் போவுது.

*

— இன்னைக்குப் புதன்கிழமை. போர்டுல யாரு எழுதறீங்க? யாரு அது கையத் தூக்கறது, தனகோடியா? காலையிலேர்ந்து உள்ளயா இருக்க? தம்பி எங்க?

— தோ, பின்னாடி கோணியில. தூங்குறான் டீச்சர்.

— நீ வந்தது எனக்குத் தெரியவே இல்லையே.

— வர்றப்பவே தூங்கிட்டான்.

— நல்ல பிள்ளை. அப்ப நீயே வந்து எழுது. புவுக்குக் கோடு கீழ போவணும். ஆங், அப்படித்தான்.

— டீச்சர் டீச்சர், நானும் எங்க தையலைத் தூக்கியாந்துட்டேன் டீச்சர்.

— எந்தத் தையலு?

— எங்க தங்கச்சி, தையல்நாயகி. எங்கம்மாவும் அளத்துக்குத்தான் போவுது. பக்கத்து வூட்டு அக்கா ரெண்டு நாளு பாத்துக்கினாங்க, இனிமே முடியாதுன்னுட்டாங்க.

— வாசல்லேர்ந்து கத்தறது அவதானா? ஏம்மா வேலம்மா, இது என்ன சத்திரமா? ஒருத்தி கொண்டாந்தா உடனே ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வந்துடுவீங்களா?

— தனகோடி மட்டும் வச்சிருக்கறாளே டீச்சர்.

— அவ தம்பி வாயத் தொறந்தானா பாரு. காலையிலேர்ந்து ஒரு சிணுக்கம் உண்டா? வச்சுக்கிட்டா அப்படி வச்சுக்கணும். அவளப் பாத்துக் கத்துக்க. அதுவரைக்கும் மரத்தடியில நில்லு.

— மரத்தடியில வெயிலு வந்துடுச்சி டீச்சர்.

— அந்தப் பக்கமா தள்ளி நில்லு. உன் புஸ்தகத்த தனகோடிகிட்ட குடுத்துட்டுப் போ. ம், நீ படிம்மா.

— 'மழை பெய்தது. மக்கள் மகிழ்ந்தனர். ஏரி நி... நிரம்... நிரம்பியது.'

— அடுத்தது.

— 'உழவர் ஏர் பூட்டினர். தவளைகள் கத்தின.'

— இவ்வளவு படிக்கிற பொண்ணையா பெயிலாக்கினாங்க? உனக்கு நாக்குலயே இருக்குடி படிப்பு. இன்னொரு தடவை முதல்லேர்ந்து படி. ஒண்ணாம் வகுப்பு எல்லாரும் கேளுங்க.

— டீச்சர், தம்பி முழிச்சுக்கினான். நான் வெளியில போறேன்.

— அட, அதுக்குள்ளயா? பரவாயில்ல, மத்தியானம் வரைக்கும் இருந்தியே, அதுவே பெரிசு. மீதிய நாளைக்குப் படிக்கலாம்.

— நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தூங்குவான் டீச்சர்.

*

— உயிருள்ளதுக்கும் உயிரில்லாததுக்கும் என்ன வித்தியாசம்? காலையில சொன்னத மறுபடி சொல்றேன். உயிருள்ளது சாப்பிடும், மூச்சு விடும், வளரும். ஆடு?

— உயிருள்ளது டீச்சர்.

— கல்லு?

— இல்லாதது.

— உப்பு? தனகோடி, நீ சொல்லு.

— உயிருள்ளது டீச்சர்.

— எப்படி?

— பாத்தியில வளருதே. காலையில பாத்தா பூ மாதிரி பொடியா இருக்கும், சாயங்காலம் கல்லு கல்லா ஆயிடும். எங்கம்மாகூட, உப்பு எறங்கிச்சி, உப்பு வளந்துச்சின்னுதான் சொல்லும்.

— உங்கம்மா சொன்னா சொல்லட்டும். உயிரில்லாததுன்னு எழுது. மணி அடிச்சிட்டாங்க, எல்லாரும் போயி தண்ணி குடிச்சிட்டு வாங்க.

— இங்க வாடி தனகோடி. தம்பிய எப்படித் தூங்க வைக்கறன்னு இப்பவாச்சும் சொல்லேண்டி.

— மாட்டேன் வேலம்மா.

— நேத்து என் புஸ்தகத்த வூட்டுக்கே எடுத்துக்கினு போனல்ல? நான் வேணான்னனா?

— எங்கம்மா யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்குது.

— தாலாட்டா? நேத்து நானும் தையலைத் தோள்ல போட்டுக்கினு பாடிப் பாத்தேன். காதக் கடிச்சு வச்சிட்டா, தோ பாரு.

— பாட்டெல்லாம் இல்ல.

— மந்திரிச்ச கயிறா? கோயில்ல கட்டினாங்களா?

— அதுவும் இல்ல. வுடு.

— அப்ப என் புஸ்தகத்தக் குடு.

— இன்னிக்கு ஒரு நாளு வச்சுக்கறேண்டி. நாளைக்குத்தான வெள்ளிக்கெழம, படிக்கணுமே.

— குடுடி. நீ மட்டும் மூணாவது போவ, நான் மரத்தடியிலயே நிக்கணுமா? எங்கப்பாவும் எனக்கு உப்புக் கூடை வாங்கியாரும்.

— இழுக்காத, கிழிஞ்சிடும். கிழிஞ்சிடும்டி.

— என்ன சண்டை அங்க? ரெண்டு பேரும் இப்படி வாங்க.

— டீச்சர் டீச்சர், தம்பிய எப்படித் தூங்க வைக்கிறான்னு தனகோடி சொல்ல மாட்டேங்கறா டீச்சர்.

— ஏன் தனகோடி? தெரிஞ்சத நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும். எனக்குத் தெரிஞ்சத நான் உள்ளயே வச்சுக்கிட்டா நீ படிச்சிருப்பியா?

— இல்ல டீச்சர், அது வந்து...

— என்ன வந்து? அவளும் உன்ன மாதிரிதான். ரெண்டு நாளா வெயில்ல நின்னு முகமெல்லாம் கறுத்துப் போச்சு, பாரு. சொல்லிக் குடு.

— சொல்லலாமா டீச்சர்?

— நான்தான் சொல்றேனே.

— சரி டீச்சர். வூட்டுக்குப் போறப்ப சொல்றேன் வேலம்மா.

— நல்ல பொண்ணு. ஆமா, அர்ச்சுனன் ஏதாவது சாப்பிட்டானா? காலையில பாத்தப்ப எப்படிக் கெடந்தானோ அப்படியே கெடக்கறான்.

— கஞ்சி ஊத்தினேன் டீச்சர். ஓரமா வழிஞ்சிடுச்சி.

— பல்லு மொளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுதும் இப்படித்தான் சோந்து கெடந்துது. மூஞ்சியில துணியப் போடு, ஈ மொய்க்குது.

— படிச்சிக்கினே ஓட்டறேன் டீச்சர்.

*

— '...மழை நின்றது. வானம் தெளிந்தது. சிறுவர்கள் காகிதக் கப்பல் விட்டனர்.' முடிஞ்சிடுச்சி டீச்சர்.

— கடைசிப் பக்கத்த நீ பாக்கவே இல்லையே.

— மனப்பாடம் ஆயிடுச்சி டீச்சர்.

— பிள்ளைங்களா, எல்லாரும் தனகோடிக்குக் கை தட்டுங்க. மெதுவா, மெதுவா. ரெண்டு பாப்பாவும் தூங்குது.

— நான் மூணாவதா டீச்சர்?

— மூணாவதுதான். திங்கக்கிழமை உங்க வீட்டுக்கு நானே வந்து உங்கப்பாகிட்ட சொல்றேன். அந்தக் கூடைய அடுப்புல வைக்கச் சொல்லு.

— டீச்சர் டீச்சர், நானு?

— நீயும் பரவாயில்ல வேலம்மா. ரெண்டு எடத்துலதான் தடுக்கின. தையலைத் தூக்கியாந்ததுலேர்ந்து நீ உள்ள ஒக்காந்து பாடம் கேட்டது இன்னைக்குத்தான். தையலும் சத்தமே காட்டல பாரு. அமைதியா இருந்தா இந்த ரூமுக்குக் கடல் சத்தம்கூட கேக்குது. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

— கடலு தெனமும் கத்திக்கினுதான் இருக்குது டீச்சர்.

— இருக்கும். நான்தான கேக்கல. சரி, எங்க உன் தம்பி? ஒரு வாரமா வர்றான், நான் ஒரு தடவைகூடத் தூக்கல. நீ இரு தனகோடி, நானே எடுக்கறேன். வாடா அர்ச்சுனா.

— முழிச்சுக்குவான் டீச்சர்.

— முழிக்கட்டும், மணி அடிக்கிற நேரம்தான். என்னடி இது, தலை நிக்க மாட்டேங்குது. அர்ச்சுனா. டேய். இவன் ஏன் இப்படி சில்லுனு இருக்கான்?

— நெழல்லயே இருந்தான்ல டீச்சர்.

— இந்தப் புழுக்கத்துலயா? ஒதடெல்லாம் நீலமா இருக்கு. வாயில என்ன வாடை இது? தனகோடி, இவனுக்கு என்ன குடுத்த?

— ஒண்ணும் இல்ல டீச்சர்.

— என்ன குடுத்தன்னு கேக்கறேன்.

— எங்கம்மா குடுக்கறதுதான் டீச்சர். அளத்துல எல்லா அம்மாவும் குடுப்பாங்க. அப்பாவோட பாட்டில்ல துணி முனைய நனைச்சு வாயில வச்சுட்டு, தூளியில போட்டுடுவாங்க. அப்பால அழுவாது.

— சாராயமா?

— ஆமாம் டீச்சர்.

— மாதாவே. துணியில நனைச்சதுக்கு இப்படி ஆவாதேடி. எவ்வளவு குடுத்த?

— துணியில வச்சா மத்தியானத்துக்கே முழிச்சுக்கறான் டீச்சர். சாயங்காலம் வரைக்கும் பாடம் இருக்குதே. அதான் நேத்தும் இன்னிக்கும் பாலு குடுக்கற சங்குல ஊத்திக் குடுத்தேன். ஒரு சங்குதான் டீச்சர்.

— டேய் அர்ச்சுனா, கண்ணத் தொறடா. இருங்க, யாரும் பேசாதீங்க, நெஞ்சுல காத வச்சுப் பாக்கறேன்.

— யாரும் பேசல டீச்சர்.

— மூச்சு வருதா இல்லையான்னே தெரியல. யாராவது ஓடிப்போயி பெரிய வாத்தியாரக் கூப்பிடுங்க. ரோட்டுல உப்பு லாரி எதுனா வந்தா நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும். தனகோடி, என் பொடவைய விடு.

— அவன உலுக்காதீங்க டீச்சர். அழுதான்னா நான் வெளியில போவணும்.

— போவ வேணாம்டி. இனிமே போவ வேணாம். அவன் அழட்டும். அழுடா ராஜா, ஒரு தடவை அழுடா.

— டீச்சர்.

— வழிய விடு வேலம்மா.

— எங்க தையலையும் தூக்கிக்கினு போங்க டீச்சர். அது ரொம்ப அழுவும்னு, நான் ரெண்டு சங்கு குடுத்தேன்.